முகத்துவாரத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு!

அரக்கோணம் பக்கத்துத் தண்ணீர் கடலுக்குப் போகும் கதை

அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு ஏரிக்கரை வழியாகத் தனியே நடக்க மாட்டார்கள். "அங்கே கொள்ளிவாய்ப் பிசாசு திரியும்" என்பார்கள்.

அது வாயைத் திறந்தால் நெருப்பு வருமாம். கிட்டே போனால் மறைந்துவிடுமாம். சற்றுத் தள்ளி மறுபடியும் தோன்றுமாம்! அடம் பிடிக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்ட, பாட்டிமார்களுக்கு இந்தப் பிசாசு எவ்வளவோ உதவி செய்திருக்கிறது.

இந்தப் பிசாசை ஒருவர் பாட்டிலில் பிடித்தார். அவர் மந்திரவாதி அல்ல. இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்டா. மின்சாரத்தை "இத்தனை வோல்ட்" என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இவரிடமிருந்து வந்ததுதான்.

1776-ம் ஆண்டு, வோல்டா ஓர் ஏரியின் சேற்றுக்கரையில் கோலால் குத்தினார். குமிழிகள் மேலே வந்தன. அவற்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்தார். நெருப்பைக் காட்டினார். நீல நிறத்தில் எரிந்தது!

அதுதான் மீத்தேன் வாயு. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி, அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். சதுப்பிலிருந்து எழும் இந்த வாயுதான் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைகளுக்கு விதை என்று பலரும் கருதுகிறார்கள்.

ஏரிக்கரைகளில் மின்விளக்கு வந்துவிட்டது. பிசாசும் போய்விட்டது. ஆனால் வாயு போகவில்லை. ஆறுகள் கடலில் சேரும் முகத்துவாரங்களில், பட்டப்பகலில், அது குமிழி குமிழியாக வந்துகொண்டிருக்கிறது. அந்த ஆறுகளில் இரண்டு, அரக்கோணம் பக்கத்திலிருந்து போகின்றன!

ஓர் அணைக்கட்டு, இரண்டு ஆறுகள்

அரக்கோணம் வட்டத்தில் உள்ள ஊர் தக்கோலம். 949-ம் ஆண்டு, சோழ இளவரசர் ராஜாதித்தர் யானைமேல் இருந்தபடியே வீரமரணம் அடைந்த போர்க்களம் இதுதான். அந்தத் தக்கோலத்துக்கு அருகே கேசாவரம் அணைக்கட்டு இருக்கிறது.

அணைக்கட்டுக்கு வருவது கொசஸ்தலை ஆறு. இங்கே தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கொசஸ்தலையாகவே பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-ல் கட்டப்பட்ட இந்த ஏரி, சென்னைக்குக் குடிநீர் தருகிறது. பூண்டி நிரம்பினால், மிச்சத் தண்ணீர் எண்ணூரில் கடலைச் சேரும்.

இன்னொரு பங்கு பேரம்பாக்கம், திருவேற்காடு, கோயம்பேடு, சேத்துப்பட்டு வழியாகச் சென்னை நகருக்குள் நுழைகிறது. நேப்பியர் பாலத்துக்கு அருகே கடலில் விழுகிறது. அதன் பெயர் சொன்னாலே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஆம், கூவம்தான்!

கூவம் என்றால் சென்னைக்காரர்கள் விஷயம் என்று அரக்கோணத்தில் நினைக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் தக்கோலத்தைத் தாண்டும்போது நாற்றம் இல்லை. வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் அது.

இன்னும் மேலே போனால் தோல் தொழில் ஊர்கள் வருகின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருவது பாலாறு. அதில் வெள்ளம் வந்தால், வாலாஜாவுக்கு அருகே உள்ள அணைக்கட்டில் ஒரு பங்கு காவேரிப்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. அந்த ஏரி நிறைந்து வழிந்தால் கொசஸ்தலைக்கு வருகிறது. ஆக, ஆம்பூரில் ஆற்றோடு போன தண்ணீர், நேப்பியர் பாலம்வரை போக வழி இருக்கிறது!

அதற்காகப் பழி முழுவதையும் தோல் ஊர்கள்மேல் போட்டுவிடக் கூடாது. தோல் கழிவு கெடுதல் செய்தது உண்மை. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதால்தான் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. 1996-ல் கோர்ட்டு கடுமையான தீர்ப்பும் சொன்னது. ஆனால் கூவத்தை இப்படி ஆக்கியதில் பெரும்பங்கு, அதன் கரையில் உள்ள நகரத்தின் சாக்கடைக்குத்தான்.

"தாத்தா, தண்ணி கொதிக்குதா?"

விடுமுறை நாளில் அரக்கோணத்திலிருந்து ரயில் ஏறி, மெரினா பார்க்க வரும் குடும்பங்கள் ஏராளம். சென்ட்ரலில் இறங்கிப் பஸ் பிடித்தால், கடற்கரைக்குச் சற்று முன்னால் நேப்பியர் பாலம் வரும். பஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் கேட்பார்கள்:

"தாத்தா, தண்ணி கொதிக்குதா?"

"இல்லடா கண்ணு, மீன் மூச்சு விடுது."

தாத்தா சொன்னது தப்பு. அந்த இடத்தில் மீன் மூச்சு விட முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு அவ்வளவு குறைந்துபோகிறது. குமிழி விடுவது தண்ணீருக்கு அடியில் இருக்கும் கறுப்புச் சேறு. அந்தச் சேற்றுக்குள்ளே ஒரு கலியாண விருந்தே நடந்துகொண்டிருக்கிறது!

கடைசிப் பந்தி

விருந்தில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். சாப்பாடு, ஆறு கொண்டுவரும் இலை, தழை, சாக்கடை, கழிவு எல்லாம்தான்.

முதல் பந்தியில் உட்காருபவை, பிராணவாயுவைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள். இவை கழிவைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. நாமும் சோறு தின்று அதைத்தானே விடுகிறோம்!

பிராணவாயு தீர்ந்ததும் இரண்டாம் பந்தி. இவை தண்ணீரில் உள்ள நைட்ரேட் உப்பைக் கொண்டு பிழைக்கின்றன. சாக்கடையிலும், வயலுக்குப் போட்ட உரத்திலும் இருக்கும் தழைச்சத்துதான் இந்த உப்பாக மாறுகிறது. இந்தப் பந்தியில் ஒரு விசித்திரமான வாயு கசிகிறது. அதைப்பற்றிப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாம் பந்திக்குக் கந்தக உப்பு வேண்டும். அதாவது சல்பேட். இந்தக் கூட்டம் விடுவதுதான் அழுகிய முட்டை நாற்றம். சேற்றைக் கறுப்பாக்குவதும் இதுவே.

எல்லாம் தீர்ந்து, எச்சில் இலை மட்டும் மிஞ்சியிருக்கும்போது கடைசிப் பந்தி உட்காருகிறது. இவைதான் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள். பூமியில் மிகப் பழமையான உயிர் வகைகளில் இவையும் சேர்த்தி. பிராணவாயு பட்டாலே இவற்றுக்கு ஆகாது!

இப்போது கடலைப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் சல்பேட் மட்டும் சுமார் 2.7 கிராம். ஆகவே கடல் சேற்றின் மேல்பகுதியில் மூன்றாம் பந்திக்காரர்களுக்கு எப்போதும் கொண்டாட்டம். இருப்பதையெல்லாம் அவர்களே தின்று தீர்த்துவிடுவார்கள். கடைசிப் பந்திக்கு ஒன்றும் மிஞ்சாது.

உப்பு செய்யும் உபகாரம் இது. கடல் நீர் தாராளமாக ஏறி இறங்கும் முகத்துவாரத்தில் மீத்தேன் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் நேப்பியர் பாலத்தடியில் ஏன் குமிழி வருகிறது?

கதவை மூடிய மணல்

இங்கே ஒரு பழைய கதை குறுக்கே வருகிறது. சோழமண்டலக் கரையில், ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சென்னைத் துறைமுகத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். மணல் அங்கே தடைப்பட்டது. தெற்குப் பக்கத்தில் குவிந்தது. கடல் பின்வாங்கியது.

அப்படிக் குவிந்த மணல்தான் இன்று சுண்டல் தின்றுகொண்டு நாம் உட்காரும் மெரினா! அதே மணல்தான் கூவத்தின் வாயிலும் குவிந்து திட்டாகிறது. மழை வெள்ளம் வரும்போது ஆறு திட்டை உடைத்துக்கொண்டு போகும். கோடையில் மணல் மறுபடியும் மூடும்.

கதவு மூடினால் கடல் அலை உள்ளே வராது. கந்தக உப்பும் வராது. பிராணவாயுவும் வராது. உள்ளேயோ சாக்கடை நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. மூன்று பந்தி முடிந்தும் அண்டா நிறையச் சோறு மிஞ்சுகிறது. கடைசிப் பந்திக்கு யோகம்!

ஆழமான கடலாக இருந்தால், அடியில் உண்டாகும் மீத்தேன் மேலே வருவதற்குள் கரைந்துபோகும். அதைத் தின்பதற்கென்றே வேறு நுண்ணுயிர்களும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் அதற்கெல்லாம் நேரம் ஏது? குமிழி கிளம்பிய வேகத்தில் காற்றில் கலந்துவிடுகிறது.

கவிழ்த்த பெட்டி

இதையெல்லாம் யார் அளந்தார்கள்?

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ரமேஷும் பூர்வஜாவும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தவர்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிச்சாவரம், எண்ணூர், அடையாறு முகத்துவாரம் ஆகிய இடங்களில் மீத்தேனை அளந்தார்கள். சதுப்பு ஒன்றுதான். ஆனால் கழிவு கலக்கும் எண்ணூரிலும் அடையாற்றிலும் வாயு அதிகம்!

பிறகு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். கூவத்துக்குத் தெற்கே ஓடும் அடையாற்றை ஆராய்ந்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்றோடு சமமாக இருந்தால் தண்ணீரில் எவ்வளவு மீத்தேன் கரைந்திருக்க வேண்டுமோ, அதைவிட மிக மிக அதிகமாக அங்கே இருந்தது. காரணம், சுத்தம் செய்யாமல் விட்ட சாக்கடை.

அளக்கும் முறை எளிமையானது. ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். தண்ணீர் விடும் வாயு பெட்டிக்குள் சேரும். சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஊசிக்குழாயால் கொஞ்சம் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தக் காற்றைப் பிரித்து, எந்த வாயு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். எளிமைதான். ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடையாற்றில் படகில் உட்கார்ந்திருப்பது எளிமை அல்ல!

சிரிக்க வைக்காத வாயு

இரண்டாம் பந்தியில் கசியும் விசித்திர வாயுவைப் பார்ப்போம். அதன் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கப் பயன்படுகிறது. சற்று முகர்ந்தால் சிரிப்பு வரும். அதனால் "சிரிப்பூட்டும் வாயு" என்று பெயர்.

ஆனால் பூமிக்கு இது சிரிப்பு அல்ல. பூமியைச் சுற்றியுள்ள காற்று ஒரு போர்வை மாதிரி. பகலில் வாங்கிய வெயில் சூடு முழுவதும் வெளியே போய்விடாமல் காக்கிறது. போர்வையே இல்லாவிட்டால் கடல் உறைந்துவிடும். அளவுக்கு மீறினால் புழுங்கும். கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு மூன்றும் இந்தப் போர்வையைக் கனமாக்கும் நூல்கள்.

ஒரு கிலோ கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 மடங்கு சூடு பிடிக்கும். நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 மடங்கு!

கரியமில வாயு சூட்டை வாங்கி வைக்கும் என்பதை, 1856-ல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துக் காட்டினார். வேடிக்கையான பொருத்தம் ஒன்று: அதே 1856-ல், ஜூலை 1-ந்தேதிதான் தென்னிந்தியாவின் முதல் ரயில், ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடுக்குப் புகை விட்டுக்கொண்டு ஓடியது!

1958-ல் 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மீத்தேனோ, இயந்திரத் தொழில்கள் தோன்றுவதற்கு முன்பு இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே போய்விட்டது. மாடு, நெல்வயல், குப்பைமேடு, எண்ணெய்க் கிணறு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. முகத்துவாரச் சேற்றின் பங்கு சிறியதுதான். ஆனால் வீட்டுக் குளியலறையிலிருந்து நேராகப் போகும் பங்கு அது.

காற்று ஒரு டிகிரி சூடானால், சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டவும் செய்யும். ஒரு வெள்ளத்துக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் பெருமழை பெருகும் என்பது நிச்சயம். அரக்கோணத்தாருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அங்கேதான் இருக்கிறது. புயல் என்று ரேடியோ சொன்னதும், ஆரஞ்சு உடை அணிந்த வீரர்கள் ரப்பர் படகோடு கிளம்புவதை ஊரே பார்க்கும். 2015 சென்னை வெள்ளத்துக்கும் அப்படித்தான் போனார்கள்.

கோலி சோடாவும் கடலும்

அப்படியானால் கடலும் வாயு விடும் கெட்டவன்தானா? இல்லை. கணக்குப் பார்த்தால் கடல் நமக்குப் பெரிய உபகாரி. மனிதர்கள் விடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல்தான் விழுங்குகிறது.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாயுவை அழுத்தமாக அடைத்தால் தண்ணீரில் கரைகிறது. கோலியைத் தட்டினால் "புஸ்" என்று வெளியேறுகிறது. வெயிலில் வைத்த சோடா இன்னும் வேகமாகப் பொங்கும். கடலும் அப்படியே. காற்றில் கரியமில வாயு அதிகமானால் கடல் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் சூடானால் வாங்கும் சக்தி குறைகிறது. கொடுக்கல் வாங்கல் ஒரு நாளும் நிற்பதில்லை.

முகத்துவாரத்தில் கணக்கு தலைகீழ். நிலத்திலிருந்து வந்த இலை, மண், கழிவு எல்லாம் அங்கே மக்குவதால், பெரும்பாலான முகத்துவாரங்கள் கரியமில வாயுவைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. விசாகப்பட்டினத்தில் உள்ள தேசியக் கடலியல் நிலையத்தார், இந்தியக் கரையில் 27 முகத்துவாரங்களை மழைக்காலத்தில் ஆராய்ந்து 2012-ல் சொன்ன செய்தியும் இதுதான். வெள்ளம் நிலத்துச் சரக்கை அடித்துக்கொண்டு வரும் காலத்தில், சில இடங்களில் தண்ணீரில் இருந்த வாயு, காற்றில் உள்ளதைப் போலப் பல மடங்கு!

காட்டின் மூச்சு

சிதம்பரத்துக்கு அருகே உள்ள பிச்சாவரத்துக்குப் படகில் போனவர்கள், சேற்றிலிருந்து பென்சில் முனைகள் போல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அவை முளைகள் அல்ல. வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள்! சேற்றில் காற்று இல்லாததால், மரம் வேரைத் தலைகீழாக மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. அதே குழாய் வழியாகச் சேற்றில் உள்ள மீத்தேனும் வெளியே வருகிறது என்று 2004-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மரத்தின்மேல் கோபம் வேண்டாம். அந்தக் காடு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, மரமாகவும் வேராகவும் மாற்றுகிறது. உதிர்ந்தது சேற்றில் புதைந்து நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கிறது. வெட்டிச் சேற்றைக் கிளறினால்தான் ஆபத்து. புதைத்து வைத்த அத்தனையும் திரும்ப வரும்.

பிடித்தால் விளக்கு

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சாக்கடையைச் சுத்தம் செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கழிவைக் காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் அடைத்து வைக்கிறார்கள். அதே கடைசிப் பந்தி அங்கேயும் நடக்கிறது. அதே மீத்தேன் வருகிறது. ஆனால் வெளியே போக வழியில்லை! அதைக் குழாயில் பிடித்து, இயந்திரம் ஓட்டி, மின்சாரம் எடுக்கிறார்கள். நிலையத்துப் பம்புகள் அதில் ஓடுகின்றன.

ஒரே வாயு. தொட்டியில் அடைபட்டால் வேலைக்காரன். பாதாளச் சாக்கடைக் குழியில் அழுகிய முட்டை வாயுவோடு சேர்ந்து தேங்கினால் எமன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் "கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் பலி" என்ற செய்தி பத்திரிகைகளில் வருவது நிற்கவில்லை. தோல் ஊர்களிலும் இந்தச் சாவு நடந்திருக்கிறது.

மீத்தேனுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. காற்றில் அது சுமார் பத்து ஆண்டுகள்தான் தங்கும். நைட்ரஸ் ஆக்சைடு நூறு ஆண்டுக்கு மேல் தங்கும். கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். ஆக, இன்று ஓர் ஊரின் சாக்கடையைத் தொட்டிக்குத் திருப்பினால், நேப்பியர் பாலத்தில் கேள்வி கேட்ட பிள்ளை கல்லூரிக்குப் போவதற்குள், அதற்குமுன் அங்கிருந்து கிளம்பிய மீத்தேனில் பெரும்பகுதி காற்றைவிட்டுப் போயிருக்கும்.

அடையாற்று முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. குப்பையை அள்ளினார்கள். கடல் நீர் வந்துபோக வழி செய்தார்கள். கண்டல் செடிகளை நட்டார்கள். நண்டு, மீன், பறவைகள் திரும்பி வந்தன.

கூவத்தின் வாயில் மணல் அள்ளும் இயந்திரங்கள் அவ்வப்போது வருகின்றன. திட்டை வெட்டி வழி திறக்கிறார்கள். அலை உள்ளே ஏறுகிறது. உப்புத் தண்ணீர் பாலத்தைத் தாண்டிப் போகிறது. கொஞ்ச நாளில் மணல் மறுபடியும் சேர்கிறது. இயந்திரம் மறுபடியும் வருகிறது.

வடகிழக்கு மழை நன்றாகப் பெய்த ஆண்டில், கேசாவரத்தில் தண்ணீர் புரண்டு ஓடும். அப்போது கொஞ்ச நாளைக்கு, கூவத்தின் வாயில் குமிழி இருக்காது.